டைரக்ட் டெபிட்டால் அம்மாவின் கணக்கு மைனஸில், வங்கி கை விரிக்கிறது. என்ன செய்யலாம்?

ஈஸ்ட்ஹாம் வாசன்:

வணக்கம். இங்கிலாந்து வங்கிகளோடு இந்த மாதிரி மல்லுக்கட்டிய அனுபவம் உள்ளவர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் வழி சொல்லுங்கோ.

அம்மா ஈஸ்ட் ஹாமில் தனியாக இருக்கிறார். எழுபது தாண்டிவிட்டது, வருமானம் ஸ்டேட் பென்ஷனும், வருமானம் குறைந்த முதியோருக்கு அரசு கொடுக்கிற பென்ஷன் கிரெடிட் கொஞ்சமும்தான். கேஸ், கரண்ட் இரண்டும் ஒரே கொம்பனி. ஒவ்வொரு மாதமும் 1ஆம் திகதி டைரக்ட் டெபிட்டில் (கொம்பனியே கணக்கிலிருந்து நேரே எடுக்கிற முறை) 84 பவுண்ஸ் போகும். இந்த மாதம் ஒரு சொல் சொல்லாமல் 641.37 எடுத்துவிட்டார்கள். கணக்கில் இருந்தது 402.18. அம்மா ஓவர்டிராஃப்ட் (கணக்கில் இருப்பதற்கு மேல் எடுக்க வங்கி விடுகிற கடன்) கேட்டு வாங்கியதே இல்லை, ஆனால் வங்கி அந்தப் பேமென்ட்டைத் திருப்பி அனுப்பாமல் போக விட்டதால் கணக்கு இப்போது மைனஸ் 239.19. அதற்கு 39.9 வீதம் வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது.

அடுத்த நாள் வாடகைக்குப் போட்டிருந்த ஸ்டாண்டிங் ஓர்டர் (மாதாமாதம் தானாகவே அனுப்பச் சொல்லி வங்கிக்குக் கொடுத்த கட்டளை) போகவில்லை, தண்ணி பில்லும் திரும்பிவிட்டது. வீட்டு ஏஜென்ட் உடனேயே வாடகை பிந்தினதற்கு 30 பவுண்ஸ் தண்டம் என்று மெயில் போட்டிருக்கிறார். அன்று காலையிலேயே வங்கி அம்மாவின் ஃபோனுக்கு ஒரு எஸ்.எம்.எஸ் அனுப்பியிருக்கிறது, இன்றைக்குள் காசு போட்டால் வட்டி இல்லை என்று. வங்கி என்ற பேரில் வருகிற எதையும் தொடாதேங்கோ என்று நாங்கள் எல்லாரும் சொல்லிச் சொல்லி, அவர் அதைத் திறக்கவே இல்லை. இந்தக் காலத்தில் அவரை எப்படிக் குறை சொல்வது?

அம்மாவைப் பக்கத்தில் இருத்தி ஸ்பீக்கரில் போட்டு வங்கியோடு கதைத்தேன். எடுத்தது கொம்பனி, அவர்களோடு கதையுங்கள், எங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள். கொம்பனிக்கு எடுத்தால், மீட்டர் ரீடிங்கின்படி 557 பவுண்ஸ் பாக்கி நின்றது, அதையும் சேர்த்து எடுத்தோம், முன்கூட்டியே இமெயில் அனுப்பினோம் என்கிறார்கள். அவர்கள் சொல்கிற இமெயில் விலாசம் பழையது. அதை மாற்றிக் கொடுத்து, மாற்றிவிட்டோம் என்று அவர்களே அனுப்பிய மெயில் என்னிடம் இருக்கிறது.

வருகிற கிழமை பென்ஷன் விழும். விழுந்தவுடன் வங்கி தன் 239ஐ எடுத்துக்கொண்டால் வாடகைக்கு என்ன செய்வது? கேட்காத ஓவர்டிராஃப்டுக்கு வட்டி கட்டத்தான் வேண்டுமா? யாரைப் பிடிக்க வேண்டும், வங்கியையா கொம்பனியையா?


குரொய்டன் பெடியன்:

அண்ணை, முதல் வேலையாக அந்த டைரக்ட் டெபிட்டை ஆப்பில் போய்க் கான்சல் பண்ணுங்கோ, இல்லாவிட்டால் அடுத்த மாதமும் எடுப்பார்கள். பிறகு வங்கிக்கு ஒரு கடிதம்: உங்கள் ஓவர்டிராஃப்ட் சார்ஜ் நியாயமில்லாத ஒப்பந்த விதி, 1999ஆம் ஆண்டு விதிகளின்படி செல்லாது, எல்லாவற்றையும் திருப்பித் தா என்று. 2006, 2007இல் சனம் அப்படித்தான் எழுதி ஆயிரக்கணக்கில் வாங்கினது, என் மாமாவும் வாங்கினவர். அந்தக் கடிதத்தின் மாதிரி இன்னும் இணையத்தில் கிடக்கிறது, பேரை மாற்றி அனுப்பினால் சரி.


ஹாரோ அக்கா:

தம்பி வாசன், பொறுங்கோ, அந்தக் கடிதத்தை அனுப்பாதேங்கோ. நான் ஒரு வங்கியின் கோல் சென்டரில், பேமென்ட் தகராறுகளைப் பார்க்கிற பிரிவில் கனகாலம் வேலை செய்தவள். அந்த 2007 கடிதம் வந்தால் பதிலும் ஏற்கெனவே அச்சடித்து வைத்த மாதிரித்தான் போகும். 2009 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் அந்தச் சார்ஜுகள் பற்றிய வழக்கை முடித்துவிட்டது: அந்தச் சார்ஜுகள் வங்கிச் சேவைக்கான விலையின் ஒரு பகுதி, அவை கூடுதலா என்று அந்த 1999 விதிகளை வைத்து அளக்க முடியாது என்று தீர்ப்பு. மாமா வாங்கினது அதற்கு முன்னம்.

அதோடு சார்ஜே இப்போது பழைய மாதிரி இல்லை. வங்கிகளைக் கண்காணிக்கிற எஃப்.சி.ஏ. போட்ட விதி 2020 ஏப்ரல் 6 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒழுங்கு செய்யாத ஓவர்டிராஃப்டுக்கு, ஒழுங்கு செய்ததை விடக் கூடுதலாக அறவிட முடியாது, நாளுக்கு இவ்வளவு என்ற தண்டம் கிடையாது, வருட வட்டி மட்டும்தான். முன்னம் 100 பவுண்ஸ் மைனஸ் போனால் நாளுக்கு 5 பவுண்ஸ் பிடித்த வங்கிகள் இருந்தன, இப்போது 20 பென்ஸுக்கும் குறைவு. அம்மாவின் 239க்கு 39.9 வீதத்தில் நாளுக்கு 22 பென்ஸ் அளவில் வரும். அதுவும் அவருடைய காசுதான், விடச் சொல்லவில்லை. ஆனால் சண்டையை அந்த 22 பென்ஸில் தொடங்கினால் 641 கை நழுவிப் போகும்.

நீங்கள் பிடிக்க வேண்டியது வங்கியை. பிடிக்க வேண்டிய பிடி டைரக்ட் டெபிட் கேரன்டி. டைரக்ட் டெபிட் படிவத்தின் கீழே சின்ன எழுத்தில் இருக்கும், ஒருவரும் வாசிப்பதில்லை. தொகையோ திகதியோ மாறினால் கொம்பனி முன்கூட்டியே அறிவிக்க வேண்டும், வேறு விதமாக ஒத்துக்கொண்டிருந்தால் தவிர வழமையாக 10 வேலை நாள் முன்னம். எடுத்ததில் பிழை நடந்தால், அது கொம்பனியின் பிழையோ வங்கியின் பிழையோ, முழுக் காசையும் உடனடியாகத் திருப்பித் தர வேண்டியது உங்கள் வங்கி. கொம்பனியிடம் போ என்று சொல்ல வங்கிக்கு உரிமையே இல்லை. வங்கி முதலில் உங்களுக்குத் தந்துவிட்டு, கொம்பனியிடமிருந்து தான் வசூலித்துக்கொள்ளும். அப்படித் திருப்பித் தருவோம் என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் (அதைத்தான் இண்டெம்னிட்டி என்பார்கள்) ஒரு கொம்பனி டைரக்ட் டெபிட் எடுக்கவே முடியும். 84 எடுக்க வேண்டிய இடத்தில் 641, அறிவிப்பு போனது அவர்களே மாற்றிவிட்டதாக ஒத்துக்கொண்ட பழைய விலாசத்துக்கு. உங்களிடம் இருக்கிற அந்த மெயில் பெரிய சாட்சி.

ஃபோனில் முதலில் எடுக்கிற பிள்ளைக்கு இது தெரியாமல் இருக்கலாம், அவர்களுக்குக் கொடுக்கிற பயிற்சி அவ்வளவுதான். அதனால் சொல்லைச் சரியாகச் சொல்லுங்கோ: "டைரக்ட் டெபிட் கேரன்டியின் கீழ் இண்டெம்னிட்டி க்ளெய்ம் போட வேண்டும், காரணம் முன்னறிவிப்பு கிடைக்கவில்லை, தொகை வேறு." ரீஃபண்ட், டிஸ்பியூட் என்று பொதுவாகச் சொன்னால் கார்ட் பிரிவுக்கு மாற்றிவிட்டு அங்கே அரை மணி நேரம் பாட்டுக் கேட்க வைப்பார்கள். ஆப்பிலேயே டைரக்ட் டெபிட்டைத் தொட்டால் பணம் திரும்பக் கேட்கிற வசதி சில வங்கிகளில் இருக்கிறது, முதலில் அதைப் பாருங்கோ.

இரண்டாவது கோரிக்கையையும் அதே அழைப்பில் வையுங்கோ. காசு திரும்பி வந்தால் மட்டும் போதாது, அந்த 641 போகாமலே இருந்திருந்தால் கணக்கு எப்படி இருந்திருக்குமோ அப்படிக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். ஓடின வட்டி, திரும்பின தண்ணி பில்லுக்கு வங்கி ஏதாவது பிடித்திருந்தால் அது, எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் மாதிரி கடன் தகவல் நிறுவனங்களுக்கு மைனஸ் என்று அனுப்பியிருந்தால் அந்தப் பதிவு, எல்லாம். வட்டியைத் தர மாட்டோம் என்று வங்கி சொன்னால் அந்தப் பகுதியைக் கொம்பனியிடம் நட்டமாகக் கேட்கலாம், அதுக்கு ஸ்டேட்மென்ட் கொப்பி வையுங்கோ.

டைரக்ட் டெபிட்டைக் கோபத்தில் கான்சல் பண்ண வேண்டாம். கேஸ், கரண்டுக்கு டைரக்ட் டெபிட்டில் கட்டினால் ஒரு விலை, பில் வந்த பிறகு கட்டினால் அதைவிடக் கூடின விலை. அம்மாவை அந்தக் கூடின விலைக்குத் தள்ளிவிடுவார்கள். க்ளெய்முக்கும் கான்சல் பண்ணத் தேவையில்லை. 84க்கே திருப்பி வைக்கச் சொல்லி எழுத்தில் வாங்குங்கோ, அவர்கள் மறுத்தால் மட்டும் கான்சல்.

பென்ஷன் விஷயம் அவசரம். இன்றைக்கே வங்கிக்கு எழுத்தில் அனுப்புங்கோ, ஆப்பில் இருக்கிற சாட் போதும்: இந்தத் திகதியில் வருகிற பென்ஷனில் இவ்வளவு வாடகைக்கு, இவ்வளவு தண்ணி பில்லுக்கு, அதை மைனஸில் கழிக்காமல் இவற்றுக்கே கொடுக்க வேண்டும் என்று. ஃபர்ஸ்ட் ரைட் ஒஃப் அப்ரோப்ரியேஷன் என்று அதைச் சொல்வார்கள். காசு விழுகிறதுக்கு முன்னம், எந்தக் காசு எதற்கு என்று தெளிவாகச் சொன்னால்தான் அது செல்லும்.


ஈஸ்ட்ஹாம் வாசன்:

அக்கா, கோடி நன்றி. ஒரு சந்தேகம். 557 பாக்கி உண்மையாகவே இருந்தால்? வங்கி தந்த பிறகு கொம்பனி கடன் வசூலிக்கிற ஆட்களை அம்மாவின் வாசலுக்கு அனுப்பினால் அவர் தாங்க மாட்டார்.


ஹாரோ அக்கா:

நல்ல கேள்வி. கேரன்டி என்பது எடுத்த விதத்துக்கான பாதுகாப்பு. பாக்கி உண்மை என்றால் பாக்கி இருக்கத்தான் செய்யும், தனக்கு உரிமையில்லாத ரீஃபண்ட் வாங்கினால் கொம்பனி கேட்கும்போது திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றும் அந்தக் கேரன்டியிலேயே எழுதியிருக்கிறது. அதனால் காசு கைக்கு வந்ததும் சும்மா இராமல் கொம்பனிக்கு எழுதுங்கோ: பில்லை மறுக்கிறோம், சரி பாருங்கள், சரியாக இருந்தால் மாதாமாதம் கட்டக்கூடிய அளவில் பிரித்துத் தாருங்கள் என்று. கட்டக்கூடிய தவணை பேசித் தர வேண்டியது அவர்கள் கடமை. எழுத்தில் முறைப்பாடாகப் போடுங்கோ. 8 கிழமையில் தீர்க்காவிட்டால் கேஸ், கரண்ட் முறைப்பாடுகளை நடுநிலையாக விசாரிக்கிற எனர்ஜி ஒம்புட்ஸ்மனிடம் போகலாம்.


ஸ்லவ் எஞ்சினியர்:

வாசன் சார், நான் கோயம்புத்தூர், இங்கிலாந்தில் கேஸ் மீட்டர் பக்கம்தான் வேலை. வங்கி விவகாரம் அக்கா சொன்னதுக்கு மேல நான் சொல்ல ஒன்றுமில்லை. ஆனா மாசம் 84 கட்டிக்கிட்டிருந்த ஒரு வயசான அம்மாவுக்குத் திடீர்னு 557 பவுண்டு பாக்கி என்றால் எனக்கு முதலில் மீட்டர் மேலதான் சந்தேகம் வருது. சமீபத்தில் மீட்டர் மாற்றினார்களா?

கேஸ் மீட்டர் இங்கே இரண்டு வகை. பழையது இம்பீரியல், நூறு கன அடியை ஒரு யூனிட்டாக எண்ணும், பெரும்பாலும் நாலு இலக்கம், முகப்பில் எஃப்.டி.3 என்று இருக்கும். புதியது மெட்ரிக், கன மீட்டர், புள்ளிக்கு முன்னால் ஐந்து இலக்கம், எம்3 என்று இருக்கும். இம்பீரியல் யூனிட் ஒன்று மெட்ரிக் யூனிட்டைப் போல 2.83 மடங்கு. மீட்டரைப் புதிதாக மாற்றிவிட்டு, கம்பெனி கணினியில் பழைய வகையாகவே விட்டுவிட்டால், ஒவ்வொரு யூனிட்டுக்கும் கிட்டத்தட்ட மூணு மடங்கு பில் ஏறும். ரீடிங் சரியாகவே இருக்கும், அதனால் கஸ்டமர் சர்வீஸில் கேட்டால் ரீடிங் சரிதானே என்று முடித்துவிடுவார்கள்.

பில்லின் பின்பக்கத்தில் கணக்கு போட்டிருப்பார்கள், பாருங்கள். மெட்ரிக் மீட்டர் என்றால் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 11 கிலோவாட் அவர் வரணும். 31, 32 என்று வந்தால் இதுதான் விஷயம். மீட்டர் முகப்பு தெளிவாகத் தெரிகிற மாதிரி ஒரு ஃபோட்டோ, மீட்டரில் அடித்திருக்கிற சீரியல் நம்பரோடு சேர்த்து எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.


நியூஹாம் ராணி:

வாடகை 30 பவுண்ஸ் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. அதைக் கட்ட வேண்டாம். இங்கிலாந்தில் 2019ஆம் ஆண்டு டெனன்ட் ஃபீஸ் சட்டம் வந்த பிறகு வாடகை பிந்தினதற்கு ஏஜென்ட் நினைத்த தொகையைத் தண்டமாகக் கேட்க முடியாது. 14 நாளோ அதற்கு மேலோ பிந்தி, ஒப்பந்தத்திலும் எழுதியிருந்தால் மட்டும் வட்டி கேட்கலாம், அதுவும் பாங்க் ஒஃப் இங்கிலண்ட் வட்டிக்கு மேல் 3 வீதம் வரைதான். ஒரு நாள் பிந்தினதற்கு 30 பவுண்ஸ் என்பது தடை செய்யப்பட்ட அறவீடு. அந்தச் சட்டத்தின் பேரைப் போட்டு இரண்டு வரி மெயில் அனுப்புங்கோ, நான் பார்த்த அளவில் அதோடு மௌனமாகிவிடுவார்கள். வாடகையை மட்டும் பிந்தாமல் கட்டிவிடுங்கோ, யாரிடமாவது கடன் மாறியாவது.

எங்கள் சனத்தில் இப்படித் தண்டம் கேட்டவுடன் பயந்து கட்டிவிடுகிற வயசான ஆட்கள் எத்தனை பேர்! எனக்கு உண்மையிலேயே மனம் கொதிக்கிறது.


ஈஸ்ட்ஹாம் வாசன்:

ஸ்லவ் அண்ணா, நீங்கள் சொன்னதுதான். போன பனிக்காலத்தில் மீட்டர் மாற்றினவர்கள். அம்மா வீட்டு மாடிப்படிக்குக் கீழே இருக்கிற அலுமாரிக்குள், ஃபோன் லைட்டைப் பிடித்துப் பார்த்தேன்: ஐந்து இலக்கம், எம்3. பில்லில் யூனிட்டுக்கு 31.6 கிலோவாட் அவர். அதே இடத்தில் கொம்பனிக்கு ஃபோட்டோவோடு முறைப்பாடு அனுப்பிவிட்டேன். பில் தாளில் அந்த வரி இருப்பதே எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

வங்கியில் இண்டெம்னிட்டி என்ற சொல்லைச் சொன்னவுடன் குரலே மாறிவிட்டது, வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். க்ளெய்ம் போட்டாயிற்று. வட்டியைத் திருப்புவது பற்றி மட்டும் அது தனி விஷயம், உறுதி சொல்ல முடியாது என்றார் அந்தப் பெண். பென்ஷனுக்கான கடிதமும் சாட்டில் போய்விட்டது.


குரொய்டன் பெடியன்:

அக்கா சொன்னதுதான் சரி, அந்தக் கடிதத்தை விடுங்கோ அண்ணை. எனக்கும் ஒரு கேள்வி. ஜிம் ஒன்று நான் நிற்பாட்டின பிறகும் மாதம் 25 எடுக்கிறது. இதே கேரன்டியில் கேட்கலாமா?


ஹாரோ அக்கா:

தம்பி, முதலில் ஸ்டேட்மென்டைப் பாருங்கோ. பக்கத்தில் டி.டி. என்று இருந்தால் டைரக்ட் டெபிட், கேரன்டி உண்டு. கார்ட் நம்பரைக் கொடுத்துச் சேர்ந்திருந்தால் அது கார்டில் இருந்து தொடர்ந்து எடுக்கிற அனுமதி, அதற்கு இந்தக் கேரன்டி கிடையாது. ஆனால் அதையும் நிற்பாட்டச் சொல்லி நேரே வங்கியிடமே சொல்லலாம், ஜிம்மின் சம்மதம் தேவையில்லை, சொன்ன பிறகும் எடுக்க விட்டால் அது உங்கள் அனுமதி இல்லாத பேமென்ட், வங்கி திருப்பித் தர வேண்டும். ஜிம்மோடு இருக்கிற ஒப்பந்தம் முடிந்ததா என்பது வேறு கணக்கு, அதையும் பார்த்துக்கொள்ளுங்கோ.

வாசன், வட்டிக்கு இனி ஃபோனில் கதைக்காதேங்கோ. முறைப்பாடு என்ற சொல்லைப் போட்டு எழுத்தில் அனுப்புங்கோ. அம்மாவின் பேரில் நான் எழுதுவதென்றால் இப்படி எழுதுவேன்:

"1ஆம் திகதி எனது கணக்கிலிருந்து எடுக்கப்பட்ட 641.37 பவுண்ஸ் டைரக்ட் டெபிட் கேரன்டிக்கு மாறாக எடுக்கப்பட்டது. தொகை மாறுவது பற்றி எனக்கு அறிவிக்கப்படவில்லை. கொம்பனி என் புதிய மின்னஞ்சல் விலாசத்தை ஏற்றுக்கொண்டதற்கான கடிதம் இணைப்பில் உள்ளது. நான் ஓவர்டிராஃப்ட் கேட்டதில்லை. முதல் அழைப்பிலேயே கேரன்டியின் கீழ் திருப்பித் தந்திருக்க வேண்டிய உங்கள் ஊழியர் என்னைக் கொம்பனியிடம் அனுப்பினார், அதனால் கணக்கு மேலும் மைனஸில் நின்றது. வட்டி முழுவதையும் திருப்பித் தரவும், கடன் தகவல் நிறுவனங்களுக்கு அனுப்பிய பதிவு இருந்தால் அதைத் திருத்தவும், செய்து முடித்ததை எழுத்தில் அறிவிக்கவும் கோருகிறேன்."

அந்த முதல் அழைப்பு பற்றிய வரிதான் முக்கியம், அதை விட்டுவிடாதேங்கோ. ஓவர்டிராஃப்டை யார் தொடங்கி வைத்தார்கள் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், அன்றைக்குப் பிறகு ஓடின ஒவ்வொரு நாள் வட்டியும் வங்கி மறுத்ததால் ஓடினது. அழைப்பு எல்லாம் பதிவில் இருக்கும். பேமென்ட் சம்பந்தமான முறைப்பாட்டுக்கு வழமையாக 15 வேலை நாளுக்குள் முடிவான பதில் தர வேண்டும், விசேஷ காரணம் இருந்தால் 35 வேலை நாள். பதில் பிடிக்காவிட்டாலோ பதிலே வராவிட்டாலோ வங்கி முறைப்பாடுகளை விசாரிக்கிற ஃபைனான்ஷியல் ஒம்புட்ஸ்மன். அதற்குக் கட்டணம் கிடையாது, அம்மாவின் சார்பில் நீங்களே நடத்தலாம், அவர் சம்மதித்துக் கையெழுத்து வைத்தால் போதும். வங்கியின் பிழையென்று கண்டால், பிழை நடக்காதிருந்தால் அம்மா எந்த நிலையில் இருந்திருப்பாரோ அந்த நிலைக்குக் கொண்டுவரச் சொல்வார்கள். அலைச்சலுக்கும் மன உளைச்சலுக்கும் ஒரு சிறு தொகை சேர்த்துக் கொடுக்கச் சொல்வதும் உண்டு.


ஈஸ்ட்ஹாம் வாசன்:

பின்னால் இதை வாசிக்கப் போகிறவர்களுக்காக நிலவரம் சொல்கிறேன். 641.37 முழுவதும் கணக்குக்கு வந்துவிட்டது, பென்ஷன் விழுவதற்கு முன்னமே. வாடகையை அன்றைக்கே கட்டினோம், ஏஜென்ட் 30ஐ விட்டுவிட்டார், மன்னிப்பு எல்லாம் இல்லை, விட்டுவிட்டார். கொம்பனி மீட்டரை மெட்ரிக் என்று மாற்றிப் புதுப் பில் அனுப்பியிருக்கிறது. அதன்படி அம்மா பாக்கி வைக்கவில்லை, அவருக்குத்தான் கொஞ்சம் மிச்சம். டைரக்ட் டெபிட் 84க்கே திரும்பிவிட்டது.

வட்டிக்கு வங்கியிடமிருந்து நேற்றுக் கடிதம் வந்தது. நல்லெண்ண அடிப்படையில் வட்டியைத் தருகிறோம், ஆனால் எங்கள் பக்கம் தவறில்லை என்று. கடன் பதிவு பற்றி ஒரு வரியும் இல்லை. அம்மா போதும் விடு என்கிறார். எனக்கு விட மனமில்லை, முதல் நாள் அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும். வட்டிக் காசை வாங்கினால் மற்றதைக் கேட்க முடியாமல் போகுமா?


ஹாரோ அக்கா:

கடிதத்தில் "ஃபைனல் ரெஸ்பொன்ஸ்" என்று இருக்கிறதா என்று பாருங்கோ. இருந்தால் அந்தத் திகதியில் இருந்து 6 மாதம் உங்களுக்கு இருக்கிறது. வட்டியை அவர்களாகவே கணக்கில் போட்டால் போடட்டும், ஆனால் இத்தோடு எல்லாம் முடிந்தது என்று எழுதின எதிலும் அம்மா கையெழுத்து வைக்கக் கூடாது. ஒம்புட்ஸ்மனுக்குப் போகும் முன்னம் மூன்று இடத்திலும் அம்மாவின் கிரெடிட் ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கோ, சட்டப்படி இலவசமாகத் தர வேண்டும். அதில் ஒன்றும் ஏறவில்லை என்றால் அம்மா சொல்வது போல விடலாம், உங்கள் விருப்பம். ஏறியிருந்தால் அந்தப் பக்கத்தைக் கொப்பி எடுத்து, கேரன்டியில் ரீஃபண்ட் கிடைத்த கடிதத்தோடு சேர்த்து அனுப்புங்கோ. விட வேண்டாம்.

இன்னொன்று, அந்தக் கேஸ் கொம்பனியில் பிரயோரிட்டி சர்வீஸஸ் பட்டியலில் (கூடுதல் உதவி தேவைப்படுகிறவர்களுக்கானது) அம்மாவின் பேரைப் பதியுங்கோ. பென்ஷன் வயசு என்றாலே சேர்ப்பார்கள், இலவசம். பில்லும் அறிவிப்பும் உங்களுக்கும் ஒரு கொப்பி வருகிற மாதிரி அதில் கேட்கலாம்.


ஈஸ்ட்ஹாம் வாசன்:

ஃபைனல் ரெஸ்பொன்ஸ் என்றுதான் இருக்கிறது அக்கா, இரண்டாம் பக்கத்தில். ரிப்போர்ட் மூன்றுக்கும் இன்றைக்கு இரவே விண்ணப்பிக்கிறேன், வந்ததும் எழுதுகிறேன்.